மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு மருந்து தவிர என்ன உதவி கிடைக்கும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 76. அவருக்கு வந்திருப்பது அல்சைமர் நோய் என்று கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவர் உறுதி செய்து டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவுதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆகவே நான் கேட்க வந்தது மருந்தைப் பற்றி அல்ல.

பகலில் அத்தை ஓரளவு அமைதியாகவே இருக்கிறார். பொழுது சாயத் தொடங்கியதும் முந்தானையில் எதையாவது முடிந்துகொண்டு, "எங்க ஊட்டுக்குப் போகோணும், மாட்டைப் புடிச்சுக் கட்டோணும்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். இதுதான் உங்கள் வீடு என்று நாங்கள் சொல்லச் சொல்லக் கோபம்தான் ஏறுகிறது. இரவில் அவருக்கும் தூக்கம் இல்லை, எனக்கும் இல்லை. கணவர் லோடு வண்டி ஓட்டுவதால் வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். கொழுந்தனார் திருப்பூரிலும் நாத்தனார் பொள்ளாச்சியிலும் இருக்கிறார்கள். இருவரும் போனில் அக்கறையாகத்தான் விசாரிக்கிறார்கள். வந்து ஓர் இரவு தங்குவதுதான் நடப்பதில்லை.

இப்போதெல்லாம் எனக்கே தலைசுற்றலும், காரணம் தெரியாத அழுகையும் வருகின்றன. பார்த்துக்கொள்பவர்களுக்கென்று பயிற்சி, ஆலோசனை, குழுக் கூட்டம் என்றெல்லாம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றால் உண்மையிலேயே பயன் உண்டா? மலையாளம் பேச வந்தாலும் எழுதப் படிக்கத் தெரியாத எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அவை எட்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: சித்தூர் தாலுகாவில் பணிபுரியும் பாலியேட்டிவ் செவிலியர்

சகோதரி, முதலில் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். தலைசுற்றலைத் தூக்கக் கேட்டின் கணக்கில் எழுதிவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ரத்த அளவையும் பார்த்துவிடுங்கள். அழுகை வருவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கு மட்டும் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, கூட வந்தவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, உங்கள் ஊராட்சியில் உள்ள பாலியேட்டிவ் (வேதனை தணிக்கும் பராமரிப்பு) பிரிவில் அத்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். கேரள அரசு 2008இல் பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையை அறிவித்த பிறகு, ஊராட்சிகள் மூலமாகச் செவிலியர் வீடு தேடி வரும் ஏற்பாடு மாநிலம் முழுவதும் பரவியது. அது புற்றுநோயாளிகளுக்கு மட்டுமானது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாள்பட்ட நோயால் வீட்டோடு முடங்கியவர்களுக்கும் அது உண்டு. ஆஷா பணியாளரிடம் சொன்னால் அவரே பதிவுக்கு வழி செய்வார். நம் பகுதியில் வீடுகளுக்குப் போகும் செவிலியர்களுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் தமிழ் பேசிப் பழக்கம் உண்டு என்பதால் மொழியைப் பற்றி அஞ்ச வேண்டாம். படிவத்தை நிரப்பித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். முழுநேரத் துணை தேவைப்படும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டமும் கேரளத்தில் இருக்கிறது. அத்தையின் நிலை அதன் வரம்புக்குள் வருமா என்பதை அங்கன்வாடியில் விசாரியுங்கள். தொகை சிறியதுதான், வருவதும் தாமதமாகலாம்.

மாலை நேரத் தவிப்பு இந்த நோயில் பரவலாக வருவது. இதுதான் வீடு என்று நிரூபிக்க முயல வேண்டாம். அவர் மாட்டைத் தேடுகிறார் என்றால் மாட்டைப் பற்றியே பேசுங்கள்: என்ன நிறம், எத்தனை படி கறந்தது, பெயர் என்ன. பேசியபடியே கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். நான் போய்வரும் ஒரு வீட்டில், இருட்டுவதற்கு அரை மணி முன்பே விளக்குகளையெல்லாம் போட்டுவிட்டு, பாட்டியின் மடியில் ஒரு முறத்தை வைத்து அதில் இரண்டு கைப்பிடி நிலக்கடலையைப் போட்டுவிடுகிறார்கள். அவர் கட்டைவிரலால் அமுக்கி உடைத்து, பருப்பை ஒரு பக்கமும் தொலியை மறுபக்கமும் ஒதுக்குகிறார். உடைத்த கடலையைப் பேத்தி எடுத்துப் போய்விட்டு வேறு கடலையைக் கொண்டுவந்து போடுகிறாள். காட்டு வேலை செய்து பழகிய கை, பெயர்கள் மறந்த பிறகும் அந்த வேலையை மறக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் வாசலைத் தேடுவதில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குழப்பமோ கோபமோ ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால், அதை நோய் முற்றியதாக எண்ணிக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்காவது வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதில் 2: வாளையார், முதியோர் மனநலத் துறையில் பணியாற்றுபவர்

பயன் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். பயன் உண்டு, ஆனால் எல்லா வகைக்கும் ஒரே அளவில் இல்லை. மண்டபத்தில் உட்காரவைத்து மறதி நோய் என்றால் என்ன என்று ஒருநாள் விளக்கி அனுப்பும் கூட்டத்தால் அறிவு கூடுமே தவிர, பார்த்துக்கொள்பவரின் மனச்சுமை அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து, அந்த வீட்டின் சிக்கலை அந்த வீட்டாரோடு உட்கார்ந்து பேசித் தீர்வை முயன்று பார்க்கச் செய்யும் திட்டங்களே பலன் தந்திருக்கின்றன.

இந்தத் துறையின் வரலாற்றில் கேரளத்துக்கு முக்கியமான இடம் உண்டு. இந்திய அல்சைமர் சங்கம் 1992இல் திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தில்தான் தொடங்கியது. 1998இல் கொச்சியில் நடந்த பன்னாட்டு மாநாட்டில், வளரும் நாடுகளின் மறதி நோயாளிகளைப் பற்றி ஆராய 10/66 என்ற குழு உருவாயிற்று. உலகின் மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது நூற்றுக்கு 66 பேர், வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பங்கே அவர்களைப் பற்றி நடந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்தக் குழு உருவாக்கிய வீட்டுப் பயிற்சியில் ஐந்து சந்திப்புகள்தான் உண்டு: முதலாவதில் வீட்டு நிலவரத்தை அறிவது, அடுத்த இரண்டில் நோயை விளக்குவது, கடைசி இரண்டில் அந்த வீட்டில் தொல்லை தரும் நடத்தையைக் கையாளப் பழக்குவது.

2008இல் வெளியான கோவா ஆய்வு நமக்கு மிகவும் நெருக்கமானது. 81 குடும்பங்கள் அதில் பங்கேற்றன. உள்ளூர் மொழி பேசும், குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீடுகளுக்குச் சென்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மனநல மருத்துவர் இருந்தார். ஆறு மாதங்களில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் மேம்பட்டது, மனவேதனை குறைந்தது. நோயாளியின் நடத்தை திட்டவட்டமாக மாறியதென்று அதில் நிரூபணமாகவில்லை. அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. நோய் இருந்தபடியே இருக்க, பார்ப்பவர் நிமிர்ந்து நிற்க முடிந்தது என்பதே பெரிய பலன்.

லண்டனில் 2013இல் வெளிவந்த ஸ்டார்ட் என்ற ஆய்விலும் இதே நிலைதான்: 260 பேர், எட்டுச் சந்திப்புகள், நடத்தியவர்கள் உளவியல் பட்டதாரிகள். மனச்சோர்வு குறைந்ததோடு அந்தப் பலன் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. நியூயார்க் பல்கலைக்கழகத் திட்டத்தை உங்கள் நிலைமைக்காகவே சொல்கிறேன். துணைவரைப் பார்த்துக்கொண்ட 406 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில் ஆறு ஆலோசனைச் சந்திப்புகள் இருந்தன. அவற்றில் நான்குக்கு மற்ற உறவினர்களும் அழைக்கப்பட்டார்கள். நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நாள் சுமார் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போனது. ஆகவே உங்கள் கொழுந்தனாரையும் நாத்தனாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அந்தப் பேச்சை நீங்கள் நடத்தக் கூடாது. செவிலியரோ ஆலோசகரோ நடத்த வேண்டும். மருமகள் சொன்னால் புகாராகக் கேட்கும் விஷயம், வெளியாள் சொன்னால் செய்தியாகக் கேட்கும்.

பதில் 3: நகரி, மனைவியைப் பார்த்துக்கொள்பவர்

அம்மா, நான் ஆந்திர எல்லையில் இருக்கிறேன். இங்கே வீடு தேடி வரும் செவிலியர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு உதவியது தொலைபேசிதான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். முதியோருக்கான உதவிகளை விசாரிக்க 14567 என்ற எண் இருக்கிறது. நள்ளிரவில் தனியாக விழித்திருக்கும்போது, நம்மைக் குற்றம் சொல்லாத ஒரு குரல் கேட்பதே பெரிய ஆறுதல்.

குழுக் கூட்டம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். மனைவியைக் குளிப்பாட்டுவதைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை பலர் முன்னால் எப்படிக் கேட்பது? எனக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: தலையில் தண்ணீரை ஊற்றாதே, முதலில் அவர் கையிலேயே சொம்பைக் கொடு, காலிலிருந்து மேலே நனைத்துக்கொண்டு வா, தோளில் ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும். அந்தத் துண்டு போர்த்திய பிறகுதான் அவர் கத்துவதை நிறுத்தினார். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர்கள் தனி ஆலோசனையைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. ஆஷா அக்காவிடம் சொல்லியாயிற்று, திங்கட்கிழமை செவிலியர் வருவதாகச் சொன்னார். நிலக்கடலை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இன்று மாலையே கொடுத்துப் பார்க்கிறேன். குடும்பப் பேச்சுக்கு நாத்தனாரை எப்படி வரவழைப்பது என்பதுதான் தெரியவில்லை. "உதவி செய்யுங்கள்" என்றால் "கண்டிப்பாக" என்கிறார், அதற்குமேல் நகர்வதில்லை.

பதில் 1இன் செவிலியர்

பொதுவாக உதவி கேட்டால் பொதுவான பதில்தான் வரும், சகோதரி. நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள். "இரண்டாம் சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு மதியம்வரை அத்தையோடு இருங்கள், அந்த ஓர் இரவு நான் அம்மா வீட்டில் தூங்கிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். வர இயலாத கொழுந்தனாரிடம் மாதாந்தர மாத்திரைச் செலவையோ, வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலைக்கு வரும் ஆளின் கூலியையோ கேட்கலாம். திங்கட்கிழமை செவிலியர் வரும்போது இருவரையும் வீடியோ அழைப்பில் இணைத்துவிடுங்கள். முந்தின இரவு அத்தை எத்தனை முறை எழுந்தார், எப்போது படுத்தார் என்பதை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால், அதை அவர்கள் காதுபட வாசிக்கச் செய்யலாம்.