ராட்வைலர் உறுமுகிறது, வீட்டில் 3 வயதுக் குழந்தை

எங்கள் ராட்வைலர் நாய் கருப்பன்: ஆண், 22 மாதம், 46 கிலோ. கோவையில் மாடி வீடு. 45 நாள் குட்டியாக வந்தவன், மகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் படுத்திருப்பான். ஆறு வாரமாக, அவனுடைய சோற்றுத் தட்டுப் பக்கம் அவள் போனாலே உறுமுகிறான். இதுவரை கடித்ததில்லை.

மருத்துவரிடம் காட்டினோம். பல், காது, இடுப்பு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. ரேபிஸ் ஊசி போட்டாயிற்று, கருத்தடை செய்யவில்லை. ஒரு பயிற்சியாளர் சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) மாட்டி, உறுமினால் இழுக்கச் சொன்னார். 10 நாள் செய்தோம். உறுமல் நின்றது. ஆனால் போன செவ்வாய்க்கிழமை அவள் கிட்டே போனதும் சாப்பிடுவதை நிறுத்தி, உடம்பு விறைத்து, தலையைத் திருப்பாமல் கண்ணோரத்து வெள்ளை தெரிய அவளையே பார்த்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எச்சரிக்கையைத்தான் அடக்கிவிட்டோம் என்று புரிந்து செயினைக் கழற்றிவிட்டேன். இப்போது தனி அறையில் கதவைச் சாத்திச் சோறு.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்ததைச் சொல்லி, அம்மா கொடுத்துவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில், பெரிய நாயிடம் இதே தட்டுப் பிரச்சினையை அடிக்காமல் சரிசெய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?