சிறு பிள்ளைகளுக்கு மூக்குவழித் தணிப்பு மருந்து: உதவி தேவை

முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். நெற்றி கிழிந்து வரும் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குத் தையல் போடுகையில், பிள்ளையை அமைதிப்படுத்தும் தணிப்பு மருந்துக்காக நாளத்தில் ஊசி ஏற்றுவதே காயத்தைவிடப் பெரிய வேதனையாகிவிடுகிறது.

மூன்று மாதங்களாக மிடசோலம் என்னும் தணிப்பு மருந்தை மூக்குவழி கொடுத்து வருகிறோம். ஒரு மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் உள்ள கரைசலை, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் எனக் கணக்கிட்டு (15 கிலோப் பிள்ளைக்கு 0.9 மில்லிலீற்றர்), இரு நாசிகளுக்கும் பாதிபாதியாகப் பிரித்து, ஒட்சிசன் அளவைத் தொடர்ந்து கண்காணித்தபடியே கொடுக்கிறோம். மருந்தை நுண்துளிகளாக மூக்கினுள் தெளிக்கும் தெளிப்பு முனை எங்களிடம் இல்லாததால் ஊசி கழற்றிய சிறிஞ்சினால் சொட்டுச்சொட்டாக விட வேண்டியுள்ளது. மருந்து எரிவதால் பிள்ளை வீரிட்டு அழ, பாதி தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது, கால் மணி நேரம் கழிந்தும் சிலர் தணிவதில்லை.

வாய்வழி கொடுத்தால் கசப்பினால் துப்பிவிடுகிறார்கள். தாயின் மடியில் இருத்திக் கைபேசியில் கார்ட்டூன் காட்டுவது (சிலவேளை மருந்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது) மூன்று வயதுக்குக் கீழே பலிக்கவில்லை. நாலு தையலுக்காகக் கிளிநொச்சிக்கு மாற்றி அனுப்புவதும் நியாயமாகப் படவில்லை.

தெளிப்பு முனையின்றி மூக்குவழித் தணிப்பைச் சரிவரச் செய்தவர்கள், எந்த மருந்தை, எந்த அளவில், எவ்வாறு கொடுத்தீர்கள்?