பாவக்காய் பிஞ்சிலேயே அழுகுகிறது

கேள்வி (கல்லடி): எங்கள் வளவு கடற்கரை மணல். பந்தலில் பாவல் நன்றாகப் படர்ந்து காய்க்கிறது. ஆனால் பிஞ்சுகள் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி வளைந்துவிடுகின்றன. பிளந்தால் வெள்ளைப் புழு. பிள்ளைகள் சாப்பிடுவது, மருந்தடிக்க மனமில்லை.

பதில் (களுவாஞ்சிகுடி): தங்கச்சி, அது பழ ஈயின் வேலை. தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். மேலே அடிக்கிற மருந்து உள்ளிருக்கும் புழுவுக்கு எட்டாது. பூ வாடியதும் பிஞ்சுக்குக் கடதாசிப் பை போட்டு, காம்போடு நூலால் தளர்வாகக் கட்டுங்கள். அழுகினதைப் பந்தலடியில் விடவே வேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள்.

பதில் (அக்கரைப்பற்று): மணலென்றால் மாட்டெருவும் வைக்கோல் மூடாக்கும் கட்டாயம்.

கல்லடி: சரி அக்கா, மாரியில் கடதாசி நனையுமே?

களுவாஞ்சிகுடி: பழைய வொயில் சேலையில் பை தையுங்கள். கழுவிக் கழுவிப் பாவிக்கலாம்.