கனடாவுக்குப் புதுசா வந்த வெப் டெவலப்பர்மாருக்கு: காட்ட ஒரு வேலை வேணும்

இணுவிலிலை இருந்து போன மாசம் ஸ்காபரோ வந்த தம்பி ஒராள், ஊரிலை எழுதின கோட் எல்லாம் பழைய கம்பனியோடை போச்சு, இன்ரவியூவிலை எதைக் காட்டுறது எண்டு கேட்டவர். அதுக்குத்தான் இந்தப் பதில். லீவிலை அம்மாட்டை வந்து, கோண்டாவில் வீட்டு விறாந்தையிலை இருந்து எழுதுறன்.

தம்பி, உங்களுக்கு நடக்கிறது எனக்கும் நடந்தது. யாழ்ப்பாணத்திலை நாலு வருசம் ஃபுல் ஸ்ராக் வேலை, அதாவது வெப்சைற்றின்ரை முன்பக்கமும் பின்பக்கமும். ரியாக்ற், நோட், டேற்றாபேஸ் எல்லாம் என்ரை கையாலை எழுதினது. கம்பனியை விட்ட அண்டைக்கே ஈமெயிலும் போச்சு, கோட் இருந்த இடமும் பூட்டுப்பட்டுது. ரொறன்ரோவிலை முதல் இன்ரவியூவிலை, எழுதின கோட் ஏதும் இருக்கோ எண்டு கேட்டவை. காட்ட ஒண்டும் இல்லை.

பிறகு ஒரு சின்ன ஓப்பின் சோர்ஸ் லைப்ரரியிலை (ஆரும் எடுத்துப் பாவிக்கவும் திருத்தம் அனுப்பவும் கூடிய கோட்) பிழை ஒண்டு கண்ணிலை பட்டுது. எழுத்து எண்ணிற பெட்டியிலை ‘யாழ்ப்பாணம்’ எண்டு அடிச்சால் 11 காட்டும். நாங்கள் எண்ணினால் யா, ழ், ப், பா, ண, ம்: 6 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ற்றிலை நீளம் எண்ணிற லெங்த்துக்கு அரவும் குற்றும் தனித்தனிக் கணக்கு. ஜாவாஸ்கிரிப்ற்றிலையே இருக்கிற இன்ரில் செக்மென்ரர் எண்ட வசதியைப் போட்டு எழுத்தாப் பிரிச்சு எண்ண வைச்சன். பத்து வரி கூட வராது. ஆனால் அந்த லைப்ரரியைப் பராமரிக்கிறவர் மூண்டு தரம் திருப்பி அனுப்பினார். திருத்தம் சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்கிற ரெஸ்ற் எங்கை எண்டு கேட்டார். அந்த வசதி இல்லாத பிரவுசரிலை என்ன நடக்கும் எண்டு கேட்டார். பயர்பொக்சுக்கு அது 2024 இலைதான் வந்தது. நான் திருத்தினது, விளக்கம் சொன்னது எல்லாம் இண்டைக்கும் ஆரும் வாசிக்கலாம். அடுத்த இன்ரவியூவிலை அரைவாசி நேரம் அதைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்.

அதாலை சொல்லுறன், கோட் போட்டு வைக்கிற கிற்ஹப் தளத்திலை, வேலை செய்த நாளுக்கு விழுற பச்சைக் கட்டத்தை நிரப்பிறதுக்கு ரீட்மி எண்ட விளக்கக் கோப்பிலை கொமா திருத்தாதேங்கோ. ஓப்பின் சோர்ஸுக்குத் திருத்தம் அனுப்பினால் ரீசேட் குடுத்த 2020 ஹக்ரோபர்ஃபெஸ்ற்றிலை, ரீசேட்டுக்காக அப்பிடி அனுப்பி, பராமரிக்கிற சனம் பட்ட பாடு கொஞ்சமில்லை. நீங்கள் தினமும் பாவிக்கிற லைப்ரரியை எடுங்கோ, உங்களைக் கடுப்பாக்கின பிழையை எடுங்கோ. தமிழ் காட்டிற, தமிழ் தேடுற இடமெண்டால் எங்கடை கண்ணுக்குத்தான் கெதியாத் தெரியும்.

ஒன்ராறியோவிலை 2026 ஜனவரி 1 தொடக்கம், 25 பேரோ அதுக்கு மேலையோ வேலை செய்யிற இடங்கள் விளம்பரத்திலை கனேடிய அனுபவம் வேணுமெண்டு போடேலாது. அப்பிடிப் போட்டிருந்தாலும் விடாதேங்கோ, விண்ணப்பியுங்கோ.

வீட்டு வாடகைக்குக் கிடைக்கிற வேலையை விட்டிட்டு இதிலை இருக்க வேண்டாம். ஞாயிறு ரெண்டு மணித்தியாலம் காணும். வேலை கிடைச்சால், கையெழுத்து வைக்க முன்னம் ஒப்பந்தத்தை வடிவா வாசியுங்கோ. வேலைக்கு வெளியிலை எழுதிற கோடும் கம்பனிக்குத்தான் சொந்தம் எண்டு சில இடங்களிலை எழுதியிருக்கும்.

இன்னும் ஊரிலை விசாவுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிற தங்கச்சிமார், தம்பிமார், கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிற்றிலை கம்பனி ஈமெயில் இருந்தால், இண்டைக்கே சொந்த ஈமெயிலுக்கு மாத்துங்கோ. ரெண்டு கிழமை இஞ்சைதான் நிப்பன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வரேலுமெண்டால் லப்ரொப்பையும் கொண்டு வாங்கோ, முதல் புல் ரிக்குவெஸ்ற்றை (திருத்தத்தைச் சேருங்கோ எண்டு அனுப்பிற கோரிக்கை) சேந்து இருந்து அனுப்புவம்.