கொப்பி தைக்கத் தெரிகிறது, விலை சொல்லத்தான் வாய் வரவில்லை

வணக்கம் அக்காமாரே, அண்ணாமாரே. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறேன். அம்மாவின் பழைய சேலைத் துணியை அட்டையில் ஒட்டி, கையால் தைத்த கொப்பிகளை (நோட்டுப் புத்தகங்களை) போன வருடத்திலிருந்து விற்கிறேன். ஜூலை மழையில் மாப்பசை காயாமல் 12 கொப்பியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இப்போது அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைக்கிறேன். லேசாகப் புகை வாசம் வரும், அதுவும் சிலருக்குப் பிடிக்கிறது!

ஆனால் நுவரெலியா ஏப்ரல் சீசனில் ஒருவர் "எவ்வளவு?" என்றதும், மனதில் இருந்த 900 வாயில் 600 ஆகிவிட்டது. அன்று இரவு தூக்கமே இல்லை.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தாயிற்று, கடன் பற்றியும் நான் இங்கே கேட்க வரவில்லை. கூச்சம் போக, கணக்குப் பார்க்க, தோற்றாலும் தொடர உதவிய புத்தகம், பாட்காஸ்ட், யூடியூப் சேனல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். தமிழ் என்றால் நல்லது, எளிய ஆங்கிலமும் சமாளிப்பேன். "விடிய 4 மணிக்கு எழும்பு" வகை மட்டும் வேண்டாம், எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் எத்தனையோ வருடமாக அப்படித்தான் எழும்புகிறார்கள். சிக்னல் ரோட்டு வளைவில்தான் கிடைக்கும்; டவுன்லோட் செய்து தைக்கும்போது கேட்கக்கூடியது என்றால் இன்னும் நல்லது.

கைவேலைக்கு விலை சொல்ல நீங்கள் எப்படிப் பழகினீர்கள் என்று எழுதினாலும் போதும்.