சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைச்சு நாள்பட்டு இருக்கற நுரையீரல் நோய்) உள்ளவங்களுக்கு மூச்சுத் தசைப் பயிற்சி, உங்க வீட்ல எப்படி இருந்துச்சு?

சேலத்துக்காரி:
எங்கம்மா பீடி சிகரெட் தொட்டதே இல்ல, எல்லாம் விறகடுப்பு புகை தான். கேஸ் வந்தப்புறமும் வெந்நிக்கு வெறகு தான் வேணும்னு நின்னாங்க. இப்ப சிஓபிடி. இன்ஹேலர் ஒழுங்கா இழுத்தும் வாசல்லேர்ந்து கொல்லைக்குப் போறதுக்குள்ள கதவுநிலைய பிடிச்சுட்டு நின்னுருவாங்க.

பிசியோ மேடம் தான் விவரமா சொன்னாங்க. இந்த நோய்ல காத்து முழுசா வெளிய வராம நெஞ்சுக்குள்ளயே தங்கிடுதாம், அதனால மேல வளைஞ்சு இருக்க வேண்டிய டயாஃப்ரம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற மூச்சுத் தசை, தட்டையாகி, மூச்சிழுக்க அதுக்கு பலம் பத்தாம போயிடுதாம். அதுக்கு தான் இந்த பயிற்சி. கைக்கு அடக்கமா ஒரு பிளாஸ்டிக் குழா, உள்ள ஸ்பிரிங் வால்வு. செட் பண்ண அளவுக்கு பலமா இழுத்தா தான் தெறக்கும், இல்லன்னா துளி காத்து வராது. வெளிய விடறப்ப தடை கிடையாது. முதல்ல மீட்டர் வச்சு எவ்ளோ இழுக்க முடியுதுன்னு பாத்தாங்க, அழுத்தம் 50 (செ.மீ. தண்ணி அளவுல) வந்துச்சு, அதுல 30 சதவீதம்னு 15ல ஆரம்பிச்சாங்க. காலைல 30 மூச்சு, சாயந்திரம் 30.

மூக்கு கிளிப்ல தான் பெரிய ரகளை. மூக்குத்தி மேல அது உக்காரல, மூக்குத்திய கழட்ட மாட்டேன்னு அம்மா ஒரே அடம். கடைசில ரெண்டு விரலால மூக்கை பிடிச்சுட்டு செய்றாங்க. "அடைச்ச குழாய உறிஞ்சற மாதிரி இருக்குடி"ன்னு திட்டிக்கிட்டே தான்.

ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஊதுற டெஸ்ட்ல நம்பர் அப்படியே தான் இருக்கு, நுரையீரல் மாறாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. ஆனா இப்ப தலைக்கு குளிச்சுட்டு நடுவுல உக்காராம கொண்டை போட்டுக்கறாங்க. எனக்கு அது போதும்.

ரிட்டயர்டு வாத்தியார்:
நான் பழைய சிகரெட் கேஸு. மெடிக்கல் கடைல இந்த கருவி கேட்டா மூணு பந்து உள்ளத எடுத்து குடுத்து ரெண்டும் ஒண்ணு தான் சார்னாங்க. ஒண்ணே இல்ல! பந்துல 600, 900, 1200னு போட்டிருக்கறது காத்து போற வேகம், ஆபரேஷன் பண்ணவங்க நுரையீரல் விரியறதுக்கு குடுக்கறது, தசைக்கு பாரம் ஏத்தறதுக்கு இல்ல. இன்னொன்னு, நடை, சைக்கிள்னு ரிஹாப் (நுரையீரல் நோய்க்கான உடற்பயிற்சி சிகிச்சை) ஒழுங்கா போறவங்களுக்கு இதையும் சேத்தா கூடுதலா பெருசா கிடைக்கறதில்லன்னு தான் ஆராய்ச்சிலயும் வருது, என் அனுபவமும் அது தான். நடக்கவே முடியாம மூச்சு வாங்கறவங்களுக்கு இது நல்ல ஆரம்பம், அதுக்காக நடைய விட்றாதீங்கம்மா.

பிசியோ தம்பி:
வாத்தியார் சொன்னது சரி. நுரையீரல்ல காத்து கசிஞ்சு நெஞ்சுல டியூப் போட்டவங்க, காது ஜவ்வு கிழிஞ்சவங்க டாக்டர கேக்காம இத தொடாதீங்க. சளி காய்ச்சல்னு மூச்சுத்திணறல் திடீர்னு ஏறியிருந்தா அடங்கறவரைக்கும் நிறுத்தி வைங்க. வேகவேகமா இழுத்தா தலை சுத்தும், ஒவ்வொரு மூச்சையும் முழுசா வெளிய விட்டுட்டு தான் அடுத்தது. சேலம் அக்கா, ஈஸியா வருதுன்னு அம்மா சொன்னா 15லயே விட்டுடாதீங்க, மறுபடி மீட்டர்ல பாத்து ஏத்தணும். கருவிய சோப்பு தண்ணில கழுவினா போதும், கொதிக்க வைக்காதீங்க.

சேலத்துக்காரி:
ஐயோ தம்பி, நேத்து தான் கொதிக்கற தண்ணில போடலாமான்னு அம்மா கேட்டாங்க, அதுவும் விறகடுப்புல வச்சு 😄