மன்னார் வளைகுடாப் பார்களைக் கணக்கெடுத்தபோது கண்டவை

தூத்துக்குடி, நீர்மூழ்கிக் கணக்கெடுப்பில் ஈடுபடுபவர்:

பவளப்பாறை ஆய்வு என்றால் கண்ணாடி போன்ற தண்ணீரும் வண்ண மீன்களும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எங்கள் கடலில் அத்தகைய தெளிவு, வாடைக் காற்று ஓய்ந்து சோழகம் என்னும் தென்காற்று எழுவதற்கு முன்புள்ள சில மாதங்களில் மட்டுமே வாய்க்கும். மற்ற நாட்களின் கலங்கலில், குறிப்பெழுதக் கையில் வைத்திருக்கும் பலகையே மங்கலாகத்தான் தெரியும். எனவே கிடைக்கும் தெளிந்த நாட்களில் எதை முதலில் எண்ணுவது என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது.

முதலில் மீன்களை எண்ணுகிறோம், ஏனெனில் ஆட்கள் நடமாடத் தொடங்கினால் அவை ஒதுங்கிவிடும். பிறகு 20 மீட்டர் நாடாவைப் பாரின்மீது, அதாவது கடலடிப் பவளத்திட்டின்மீது விரித்து, அதன் அடியில் வருவது உயிருள்ள பவளமா, செத்த பவளமா, பாசியா, கடற்பஞ்சா, மணலா என்று சென்டிமீட்டர் கணக்கில் பதிவு செய்கிறோம். இவற்றில் உயிருள்ள பவளத்தின் பங்கைத்தான் அறிக்கைகள் விழுக்காடாகச் சொல்கின்றன. 2016 ஆம் ஆண்டின் கோடையில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது, மன்னார் வளைகுடா முழுவதிலும் இந்தப் பங்கு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சரிந்தது. செய்தித்தாள்கள் அந்த எண்ணோடு நின்றுவிட்டன. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

அந்தக் கோடையில் அதிகம் அடிபட்டவை அக்ரோபோரா, மான்டிபோரா, பொசிலோபோரா ஆகிய விரைந்து வளரும், பெரும்பாலும் கிளைவிடும் பவளங்கள். மிக மெதுவாக வளரும் உருண்டையான போரைட்டிஸ் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. ஆகவே ஒரு பாரில் உயிர்ப் பரப்பு ஓரளவு மீண்டிருப்பதாக நாடா காட்டினாலும், அங்கே கிளைப் பவளம் இருந்த இடத்தில் உருண்டைப் பவளமும் படர் பவளமும் மட்டுமே இருக்கக்கூடும். விழுக்காடு அதை மறைத்துவிடும். எங்களை அழைத்துச் சென்ற படகோட்டி அண்ணாச்சி ஒரு நாள் கயிற்றை இழுத்துக்கொண்டே, “தம்பி, கல்லு உசுரோடதான் கெடக்கு, மீனு ஒதுங்கத்தான் எடமில்ல” என்றார். நாங்கள் அட்டவணை போட்டுச் சொல்ல முயன்றதும் அதுவேதான். கிளைகளின் இடுக்கில் சிறு மீன்களும் நண்டுகளும் இறால்களும் ஒளிந்து வாழ்கின்றன. உருண்டைப் பவளத்தில் அத்தனை இடுக்குகள் இல்லை.

இக்காரணத்தால் வெறும் உயிர்ப் பரப்பைக் கொண்டு எந்தப் பாரை முதலில் காப்பது என்று முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. அக்ரோபோரா, போரைட்டிஸ் என்று பேரினம் வரையிலாவது பிரித்து எழுத வேண்டும். கிளைப் பவளம் பிழைத்திருக்கும் பார், பரப்பில் சிறியதானாலும், சுற்றியுள்ள பார்களுக்கு இளம் உயிரிகளை அனுப்பக்கூடியது என்பதால் அதற்கே முன்னுரிமை தர வேண்டும்.

மண்டபம் பகுதி, பள்ளி ஆசிரியை:

குருசடைத் தீவை ஒட்டிய பார்களில் படர்ந்த கப்பாஃபைகஸ் பாசியை அகற்றும் பணியில் தன்னார்வலராக இருந்தேன். பாக் நீரிணைப் பக்கத்தில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட இந்த அயல்நாட்டுப் பாசி, தீவின் பவளத்தின்மீது பரவியிருப்பது 2008 ஆம் ஆண்டில் பதிவானது. அது கிளைகளின்மேல் தடித்த மெத்தையாகப் படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடுவதால், அடியில் இருக்கும் பவளம் மடிகிறது. கையால் பிடுங்கலாம், ஆனால் ஒரு சிறு துண்டு இடுக்கில் மிஞ்சினாலும் அது மறுபடி தழைக்கும். பவளத்தை உடைக்காமல் அந்தத் துண்டை எடுப்பதற்குப் பழகிய விரல்கள் வேண்டும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய கடற்பாசிகளை எடுத்தே பிழைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது. புதிதாக எங்கே பரவியிருக்கிறது என்பதும் அவர்கள் கண்ணில்தான் முதலில் படுகிறது. தேசியப் பூங்காவுக்குள் நுழைவோர் என்று அவர்களைத் தடுப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். கண்காணிப்பில் கூலியோடு சேர்த்துக்கொள்வதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒரு சந்தேகமும் உண்டு. வெளுத்த பவளத்தையும் செத்த பவளத்தையும் நீருக்கடியில் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?

கீழக்கரைப் பக்கத்துக்காரர்:

இந்தத் தீவுகள் 1986 ஆம் ஆண்டிலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டன. இருந்தும் பவளக்கல் வெட்டுவது அன்றோடு நின்றுவிடவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால், கல் ஏற்றிய வள்ளங்களைப் பற்றியும் சுண்ணாம்புக் காளவாசல்களைப் பற்றியும் விரிவாகச் சொல்வார்கள். 2001 இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் அதற்குள் நீரில் மூழ்கிவிட்டன. கணக்கெடுப்பவர்கள் இன்று காணும் பார், வெட்டியது போக மிஞ்சிய பார் என்பதைக் குறிப்பில் சேர்த்தால் நல்லது.

தூத்துக்குடி, மேற்படி உறுப்பினர்:

ஆசிரியை கேட்டதற்குப் பதில். வெளுத்த பவளம் உயிரோடு இருக்கிறது. அதன் திசுவுக்குள் வாழ்ந்து உணவு கொடுத்த நுண்பாசிகள் வெளியேறியதால், கண்ணாடி போன்ற திசுவின் வழியே வெள்ளைக் கூடு தெரிகிறது. மிக அருகில் சென்று பார்த்தால் குழிகளில் நுண்கரங்கள் அசையும். செத்ததில் சதை இராது; சில நாட்களிலேயே பழுப்புப் பாசி மெல்லிய படலமாக ஏறிவிடும். இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் எங்கள் கடலில் வெளுப்பு பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை தோன்றி, சோழகக் காற்றில் நீர் குளிர்ந்ததும் ஒரு பகுதி நிறம் திரும்புகிறது. மே மாதத்தில் மட்டும் எண்ணிவிட்டு அனைத்தும் போயிற்று என்று எழுதுவதும், அக்டோபரில் மட்டும் எண்ணிவிட்டு ஒன்றும் நேரவில்லை என்று எழுதுவதும் ஒரே அளவுக்குத் தவறானவை. அதே நாடாவை அதே இடத்தில் இரண்டு பருவத்திலும் விரிக்க வேண்டும். அதற்காகவே பாரில் இரும்புக் கம்பி நட்டு இடத்தை அடையாளப்படுத்துகிறோம், வனத்துறையின் அனுமதியோடுதான். கல் வெட்டிய இடங்களைப் பற்றிக் கீழக்கரை உறுப்பினர் சொல்வது சரி. பெரியவர்கள் அந்த இடங்களைக் காட்டினால், அடுத்த பருவத்தில் அங்கே தனியாக ஒரு நாடா விரிக்கலாம்.